கலப்பைக்கும் புல்வெட்டிக்கும் நடுவே

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ராவுத்தர் ஸ்பேர்ஸ் கடையின் போர்டில் இரண்டு வரிகள் உண்டு. முதல் வரி: 'பழைய டிராக்டர்களுக்கு வேண்டிய பாகங்கள் தேடித் தரப்படும்.' அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் இரண்டாவது வரி: 'மற்றவையும்.' காணாமல் போன ஆள், நகை, நாய், ஒரு தடவை ஒரு மாப்பிள்ளை என்று அந்த இரண்டாவது வரிக்குத்தான் கூட்டம் அதிகம். கடைக்கு முதலாளி, மெக்கானிக், துப்பறிவாளர் மூன்றுமே ரம்லாதான். ஜீப் ஓட்டுவது, சாமான் தூக்குவது, சும்மா இருக்க வேண்டிய இடத்தில் வாயைத் திறப்பது ஆகியவை சிலுவைராஜின் பொறுப்பு. மூன்றாவது வேலைக்கு அவனைச் சேர்க்கவில்லை என்று ரம்லா அடிக்கடி சொல்லுவாள். அவன் கேட்டுக்கொள்வதில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து நாச்சம்மாள் வந்தபோது, அவன் ஒரு கியர்பாக்ஸின் மேல் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான்.

"ஏனுங்க, காணாமப் போனதைத் தேடிக் குடுக்கறது இங்கதானுங்களா?"

"என்ன காணோம்?" என்றாள் ரம்லா.

"ஒன்றரை ஏக்கராங்க."

சிலுவைராஜ் வடையைக் கீழே வைத்தான். "கடைசியா எங்க பாத்தீங்க?"

"இன்னிக்குக் காலையில கூடப் பாத்துட்டுத்தானுங்க வந்தேன். அங்கயேதான் கெடக்குது. ஆனா என்றது இல்லைங்கறாங்க."

விஷயம் இதுதான். நாச்சம்மாளின் புருஷன் ஆறுமுகசாமி 2011-ல் தன்னிடமிருந்த பழைய இங்கிலீஷ் தோட்ட டிராக்டர் ஒன்றை, தேவிகுளத்திலிருந்து வந்த மிக்கேல் என்பவருக்கு விற்றார். பிராம்லி என்று பெயர் கொண்ட சின்ன வண்டி. பத்திரம் எழுதித் தரும் ஆதாரமெழுத்துக்காரர் விற்பனை ஒப்பந்தத்தை மலையாளத்தில் கராராக எழுதினார். நாச்சம்மாள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். இப்போது ஆறுமுகசாமியும் இல்லை, மிக்கேலும் இல்லை. மிக்கேலின் மனைவி கத்தரீனாள் அந்தக் கராரைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டாள். டிராக்டரோடு நிலத்தையும் விற்றதாக அதில் எழுதியிருக்கிறதாம். டிராக்டர் கொட்டகையை ஒட்டினாற்போல் இருக்கும் ஒன்றரை ஏக்கர்தான் அந்த நிலமாம்.

"என்ற வக்கீலு படிச்சுச் சொன்னாருங்க, தோட்டத்தையும் சேத்தி வித்துப்போட்டீங்கன்னு. நெலத்துல கை வெக்கக் கூடாதுன்னு தடை வாங்கியிருக்கறாங்க. திங்கக்கெழமை வாய்தா. தடையை நீட்டிப்போட்டா இந்தப் போகம் வெதைக்க முடியாதுங்க."

அந்த ஒன்றரை ஏக்கரைத் தவிர அவளுக்கு இருந்தது ஒரு கிணறு. அதுவும் அந்த நிலத்துக்குள்தான் இருந்தது.

"கையெழுத்து உங்களுதுதானா?" என்று கேட்டாள் ரம்லா.

"என்றதுதானுங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"போடறதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டினாங்களா?"

"ஆதாரமெழுத்துக்காரரு கடகடன்னு படிச்சாருங்க. கேக்கறப்ப எல்லாஞ் செரியாத்தான் இருந்துச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டோணுமேன்னு போட்டுட்டு வந்துட்டேன்."

நாச்சம்மாள் கொண்டுவந்திருந்த எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டீஸை ரம்லா கையில் வாங்கினாள். மலையாளத்தில் நாலு பக்கம். மூன்றாவது பக்கத்தில் கராரிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துப் போட்டிருந்தார்கள். அவள் அதை வாய்க்குள்ளேயே இரண்டு முறை படித்தாள். பிறகு நகத்தால் ஓர் இடத்தைத் தட்டினாள்.

"இங்க மூணு புள்ளி வெச்சிருக்கான். வரியில பாதியை முழுங்கியிருக்கான். அந்த மூணு புள்ளிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

"ஒன்றரை ஏக்கர்ல ஆரம்பிச்சு மூணு புள்ளிக்கு வந்துட்டோம்" என்றான் சிலுவைராஜ். "நல்ல முன்னேற்றம்."

*

சனிக்கிழமை விடிந்ததும் ஜீப் தேவிகுளத்துக்குக் கிளம்பியது. பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு செக்போஸ்ட், மறையூர் என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். பின்சீட்டில் மாவு மில்லில் ஓடும் பெல்ட் இரண்டு, ஸ்பானர் பெட்டி, ஒரு பாட்டில் மண்ணெண்ணெய்.

சிலுவைராஜ் பிறந்து வளர்ந்தது தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டில். முந்தின நாளே தன் அத்தைக்குப் போன் போட்டு ஊர் நிலவரத்தை விசாரித்துவிட்டான். கத்தரீனாள் தேயிலைக் கொழுந்து கிள்ளி ரிட்டையர் ஆனவள். புருஷன் செத்த பிறகு அந்த டிராக்டரைத் தானே ஓட்டிக்கொண்டு பங்களாக்களில் புல் வெட்டப் போகிறாள். ஆனால் இரண்டு மாசமாக வண்டி கிளம்பவில்லை. பெல்ட் போய்விட்டது, கிடைக்கிற இடம் தெரியவில்லை.

"அதனாலதான் மாவு மில் பெல்ட்டா? சூழ்ச்சி பண்ணுறோம்னு சொல்லுங்க."

"ரிப்பேர் பண்ணப் போறோம். சூழ்ச்சி கூட வருது" என்றாள் ரம்லா. "நோட்டீஸ்ல அந்த வரியைப் படி."

வளைவில் ஜீப்பை நிறுத்தி அவன் படித்தான். பத்தாவது வரைக்கும் மலையாளத்தில் படித்தவன். "'டிராக்டர் ஒந்நும், அதினோடு சேர்ந்ந', அப்புறம் மூணு புள்ளி, 'பறம்பும்.' டிராக்டரும் அதோட சேர்ந்த பறம்பும். பறம்புன்னா நெலம்தானக்கா, தென்னை வாழை வெக்கிற மாதிரி. எங்க லைன்ல அதெல்லாம் சினிமாவுல மட்டும் வரும். யாருக்கும் சொந்தமாக் கெடையாது."

"யாராவது நிலத்தை டிராக்டரோட சேர்ந்ததுன்னு சொல்லுவாங்களா? டிராக்டர்தானே நிலத்தோட சேரும்?"

"வேலைக்காரனோட சேர்ந்த முதலாளின்னு சொல்லுற மாதிரி இருக்கு."

"அதேதான். வண்டியை எடு."

*

கத்தரீனாள் வீட்டு முன்னால் தார்ப்பாய்க்குக் கீழே அந்த பிராம்லி நின்றிருந்தது. எருமைக் கன்று உயரம். பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. சீட்டு ஸ்கூட்டருடையது. சைலன்ஸர் ஏதோ ஆட்டோவுடையது. அறுந்த பெல்ட்டைச் சைக்கிள் டியூப் சுற்றி ஓட்டப் பார்த்த அடையாளம் தெரிந்தது. வயிற்றுக்கு அடியில் புல்வெட்டும் தட்டு தொங்கியது. பின்னால் ஒற்றைக் கலப்பை துருப்பிடித்து மாட்டியபடியே இருந்தது.

அறுபதை நெருங்கிய கத்தரீனாள் மூங்கில் போல விறைப்பாக வந்து நின்றாள். "யாரு சொல்லி வந்தீக?"

"இந்தத் தம்பியோட அத்தை சொன்னாங்க, உங்க வண்டிக்கு பெல்ட் இல்லைன்னு. பழைய வண்டி பாக்கறதுதான் என் தொழில்" என்றாள் ரம்லா. அதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அப்புறம் கேள்விக்கு இடம் கொடுக்காமல் மண்ணில் முழங்கால் போட்டுவிட்டாள்.

மாவு மில் பெல்ட் அரை அங்குலம் கூடுதல் நீளம். எஞ்சினைத் தாங்கும் நட்டைத் தளர்த்தி, அந்த அரை அங்குலத்துக்கு நகர்த்தி இறுக்கியதும் சரியாகிவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினாள். பிரேக் கேபிளிலிருந்து ஒற்றைக் கம்பியை உருவி ஜெட்டின் துவாரத்தில் விட்டாள். கருப்பாக ஒரு பிசின் வந்தது. நாலாவது தடவை கயிற்றை இழுத்ததும் வண்டி இருமிவிட்டுக் கிளம்பியது. பக்கத்து லைனில் நாலு ஜன்னல் திறந்தன.

கத்தரீனாளின் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தபோது சிலுவைராஜுக்கு மனசு கூசியது. தான் செய்து கொடுக்க வந்திருக்கும் உபகாரம் என்ன என்று அவனுக்குத் தெரியும்.

"என்ன தரணும் தங்கச்சி?"

"ஒரு கட்டன் சாயா. அப்புறம் இந்த வண்டியோட பேப்பர் ஏதாவது இருந்தா ஒரு தடவை பாக்கணும்."

"பேப்பரா? பேப்பருதான் எனக்கு எல்லாமே." அவள் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். ஞானஸ்நானச் சீட்டு, ரேஷன் கார்டு, அதற்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் கரார். "எங்க வீட்டுக்காரவுக வாங்கிப் போட்டது. பாலக்காட்டுல எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பறம்பு இருக்கு. அவுக சாகுறவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல பாத்துக்கோங்க. என்னைய ஆச்சரியப்படுத்தணும்னு இருந்துருக்காக."

சிலுவைராஜ் படித்தான். "'டிராக்டர் ஒந்நும், அதினோடு சேர்ந்ந கலப்பயும் பறம்பும் புல்லுவெட்டியும்.'"

அவன் நிறுத்தினான். ரம்லா கையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"மறுபடி படி."

"கலப்பை, பறம்பு, புல்வெட்டி." அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஒன்றும் இல்லை. "கலப்பைக்கும் புல்வெட்டிக்கும் நடுவுல ஒன்றரை ஏக்கரைச் செருகியிருக்காங்க. எழுதுனவருக்கு இடம் பத்தல போல."

இனி மறைப்பது மரியாதை இல்லை என்று ரம்லாவுக்குப் பட்டிருக்க வேண்டும். கத்தரீனாளுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். "அக்கா, நாங்க நாச்சம்மா பக்கத்து ஆளுங்க. அவங்க கேட்டுக்கிட்டதாலதான் வந்தோம்."

கத்தரீனாள் கராரைப் பிடுங்கி டின்னுக்குள் போட்டு மூடினாள். டின்னின் மேல் ஏறி உட்கார்ந்தாலும் உட்கார்ந்திருப்பாள். "பெல்ட்டைக் கழட்டு."

"அக்கா..."

"கழட்டுன்னு சொல்லுதேன். ரிட்டையர் ஆனவ இந்த வீட்டைக் காலி பண்ணணும், தெரியுமா உனக்கு? நாப்பது வருசம் கொழுந்து கிள்ளிருக்கேன். எனக்குன்னு கெடைச்ச நெலத்தை நீ ஒரு பெல்ட்டைக் குடுத்து வாங்கிட்டுப் போகலாம்னு பாக்குத."

"பெல்ட் உங்களுக்குத்தான். அதை நான் திருப்பி எடுக்க மாட்டேன்" என்றாள் ரம்லா. "ஒண்ணே ஒண்ணு மட்டும் காட்டறேன். அதுக்கப்புறமும் போன்னு சொன்னா போயிடறோம்."

அவள் டிராக்டரின் முன்பக்கம் போய்க் குனிந்தாள். முன்சக்கரங்களுக்கு நடுவே சட்டத்திலிருந்து இரண்டு இரும்புக் காதுகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் விரல் போகிற அளவுக்கு ஓட்டை. ஒன்றில் ஒரு துணிப்பை தொங்கியது.

"இது எதுக்குக்கா?"

"அது பம்பரு. அவுக சோத்துப் பையை மாட்டுவாக."

"பம்பருக்கு ஓட்டை எதுக்கு? பின்னால காதுல கலப்பை மாட்டியிருக்கு. நடுவுல காதுல புல்வெட்டி. கரார்ல மூணு பேர். வண்டியில மூணு இடம். ரெண்டுதான் நெறஞ்சிருக்கு." ரம்லா பையை எடுத்துவிட்டு ஓட்டைக்குள் விரலை விட்டாள். "தடவிப் பாருங்க. உள்ள தேஞ்சிருக்கு. அப்ப ஒரு காலத்துல இதுல ஏதோ கனமான சாமான் மாட்டி வேலை செஞ்சிருக்காங்க. ஆனா தேஞ்ச இடத்துக்கு மேல பச்சைப் பெயின்ட். இந்தப் பெயின்ட் யார் அடிச்சது?"

கத்தரீனாள் தயங்கினாள். "அவுகதான். வண்டி வந்த வாரமே அடிச்சாக."

"அந்தப் பெயின்ட்ல ஒரு கீறல் இல்லை. இங்க வந்ததுக்கப்புறம் இதுல எதுவுமே மாட்டலை. அந்த மூணாவது சாமான் இரும்பு. அதுக்கு என்ன பேருன்னுதான் எனக்குத் தெரியணும்."

"பறம்புன்னு ஒரு இரும்பா?" என்றான் சிலுவைராஜ். "நான் கேள்விப்பட்டதே இல்லக்கா."

"நீ தேயிலைக்காரன். நான் கடைக்காரி, எங்கிட்ட எல்லாரும் பிளேடுன்னு கேட்டு வாங்கறாங்க. வயக்காட்டுக்காரங்களைக் கேக்கணும்." அவள் போனை எடுத்து, நாச்சம்மாளின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கத்தரீனாளிடமே நீட்டினாள். "நான் கேட்டா சொல்லிக் குடுத்துட்டேன்னு நினைப்பீங்க. நீங்களே கேளுங்க. வண்டியோட என்னென்ன குடுத்தாங்கன்னு மட்டும் கேளுங்க."

மணி அடித்தது. "யாருங்க?" என்றது நாச்சம்மாளின் குரல்.

"தேவிகுளத்துலருந்து பேசுதேன்." கத்தரீனாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரவுக டிராக்டர் வித்தப்ப, அதோட என்னென்னலாம் குடுத்தாக?"

போனுக்குள் எங்கோ ஒரு மாடு கத்தியது.

"கலப்பை குடுத்தமுங்க. புல்லு வெட்டற மெசினு குடுத்தமுங்க. பரம்பு... பரம்பு குடுக்கலைங்க."

கத்தரீனாள் எழுந்தே விட்டாள். "கேட்டீகளா! அவுக வாயாலேயே சொல்லிட்டாக! எழுதிக் குடுத்துட்டுப் பறம்பைக் குடுக்கல!"

சிலுவைராஜ் ரம்லாவைப் பார்த்தான். அவளிடம் வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகம் வெளுத்திருந்தது. வந்த வேலை கெட்டதோடு, எதிராளிக்குச் சாட்சியும் தேடிக் கொடுத்தாயிற்று என்று அவன் நினைத்தான். ஆனால் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"குடுக்க மாட்டமுன்னு சொல்லலீங்க! உங்கூட்டுக்காரருதான் வேன்ல எடமில்லை, அப்புறமா வந்து எடுத்துக்கறேன்னு உட்டுட்டுப் போனாரு. வரவே இல்லைங்க. இன்னும் மாட்டுச் சாளையிலதான் செவுத்துல சாத்தி வெச்சிருக்குது."

கத்தரீனாள் மறுபடி உட்கார்ந்தாள்.

"அக்கா" என்றான் சிலுவைராஜ் மெல்ல. "ஒன்றரை ஏக்கரைச் செவுத்துல சாத்தி வெக்க முடியுமா?"

ரம்லா போனை வாங்கினாள். "நாச்சம்மா, நான் ரம்லா. பரம்புன்னா என்ன?"

"இது தெரியாதுங்களா? வயல்ல சேத்தைச் சமம் பண்ணறதுங்க. மாட்டுக்கு மரத்துல கட்டறது, இது இரும்புல. வண்டிக்கு முன்னால மாட்டிப் பரம்படிப்பாரு. மூணடி அகலம் இருக்குமுங்க."

ரம்லா நெற்றியில் அறைந்துகொண்டாள். "அந்தச் சொல்லை நானும் கேட்டிருக்கேன் சிலுவை. மலையாள எழுத்துல பாத்ததும் காது அடைஞ்சுபோச்சு. ஆறுமுகசாமி பரம்புன்னு சொன்னார். சின்ன ர. எழுதுனவருக்குத் தெரிஞ்சது பறம்பு. பெரிய ற போட்டுட்டார். படிச்சுக் காட்டினப்ப இவங்க காதுல சின்ன ரவாத்தான் விழுந்துச்சு, அதான் எல்லாம் செரியா இருந்துச்சுன்னாங்க. அப்புறம் வக்கீல் உதவி பண்ணறதா நெனச்சுத் தோட்டம்னு மாத்திச் சொல்லிட்டார். அந்த வார்த்தையை அப்படியே சொல்லியிருந்தா நாச்சம்மா அங்கேயே சிரிச்சிருப்பாங்க."

"அப்ப என்ற நெலம்?" என்றது போன்.

"உங்களுதுதான். கரார்ல நிலமே இல்லை."

நாச்சம்மாள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அந்தம்மாகிட்டச் சொல்லுங்க, பரம்பை நானே துருத் தேச்சு எண்ணெ போட்டு வெக்கறேன்னு" என்றாள்.

கத்தரீனாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். டின் அவள் மடியில் இருந்தது. சிலுவைராஜுக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் அவன் அம்மா ரிட்டையர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

"அடுப்பு எந்தப் பக்கம் வெக்கணும்னு கூட முடிவு பண்ணிட்டேன்" என்றாள் கத்தரீனாள், யாரிடமும் இல்லாமல். "கெணத்துக்குக் கெழக்க."

ரம்லா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "வண்டி ஓடுது. பரம்பு மாட்டினா ரோட்டுல சரிஞ்ச மண்ணைத் தள்ளலாம், முற்றம் சமம் பண்ணலாம். பங்களாக்காரங்க ஜேசிபியைக் கூப்பிடற வேலையெல்லாம் இது செய்யும். அதை மாட்டறதுக்கு இரும்பு பின் ரெண்டு நான் கடைஞ்சு தரேன்."

"எத்தன அடின்னாக?"

"மூணு."

"அது எங்க பேர்லதான இருக்கு?"

"உங்க வீட்டுக்காரர் பேர்ல. எழுதி, கையெழுத்துப் போட்டு, சாட்சியோட."

கத்தரீனாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டின்னைத் திறந்தாள். ஞானஸ்நானச் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சிலுவைராஜிடம் கொடுத்தாள். "ஏலே, நீ மலையாளம் நல்லா எழுதுவேல்ல? திங்கக்கெழமை கோர்ட்டுல குடுக்க எழுது. நெலம் எனக்கு வேண்டாம், கேஸை வாபஸ் வாங்கிக்கிடுதேன். ஆனா பரம்பு எனக்கு வேணும். அதை விட்டுக் குடுக்க மாட்டேன்."

அவன் ஸ்பானர் பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டே போனான். அந்த வார்த்தைக்கு வந்ததும் பேனா நின்றது. தப்பாகப் போட்டுவிடக் கூடாது என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

"எந்த ர பெரியம்மா?"

"சின்ன ர போடுய்யா" என்றாள் கத்தரீனாள். "பெரிய ற நமக்குக் குடுத்து வெக்கல."